சின்ன ஊரும் பெரிய மேடையும்

சினிமா வந்து நாடகத்தைக் கொன்றுவிட்டது என்ற பேச்சு தமிழ்நாட்டில் வெகுகாலமாக இருந்துவருகிறது. சென்னை, மதுரை, கும்பகோணம் போன்ற நகரங்களை வைத்துப் பார்த்தால் அதில் உண்மை உண்டு. நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவே, கேடிலியப்பர் கோயிலைச் சுற்றி வயல்கள் சூழ இருக்கும் கீழ்வேளூர் போன்ற ஊரிலிருந்து பார்த்தால் கதை வேறு. டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பெரிய மேடை நாடகம் இத்தகைய ஊர்களை எட்டியதே அரிது. கைக்கு வராத ஒன்றைச் சினிமா எப்படிப் பறித்திருக்க முடியும்? எந்தக் கலை எந்த ஊர் வரை போகும் என்பதை அதன் தரம் தீர்மானிப்பதில்லை. அதைத் தூக்கிச் செல்லும் சுமை எவ்வளவு, செலவை ஏற்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளே தீர்மானிக்கின்றன.

கம்பெனி நாடகத்தின் கணக்கைப் பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், பின்னர் டி.கே.எஸ். சகோதரர்கள், நவாப் ராஜமாணிக்கம் ஆகியோர் நடத்திய கம்பெனிகளும் ஊர் ஊராக முகாம் போட்டே வாழ்ந்தன. நடிக்கும் பையன்கள், வாத்தியார், ஆர்மோனியம், மிருதங்கம், சமையல்காரர்கள், படுதாக்கள், சீன் ஜோடனைகள், உடைப் பெட்டிகள் என்று எல்லாமே ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஏறி இறங்கியாக வேண்டும். அத்தனை பேருக்கும் நாள்தோறும் சோறு போட வேண்டும். பையன்களுக்குச் சாப்பாடும் தங்க இடமுமே பெரும்பங்கு ஊதியமாக இருந்தும்கூட, கொட்டகை போட்ட செலவை எடுக்க வாரக்கணக்கில் ஒரே ஊரில் கூட்டம் சேர வேண்டியிருந்தது. அதற்குக் கையில் காசு புழங்கும் கடைத்தெருவும் உத்தியோகஸ்தர்களும் வேண்டும். தஞ்சை, கும்பகோணம், மாயவரம், நாகை ஆகிய ஊர்களில் அது இருந்தது. கூலியை நெல்லாக அளந்துகொண்டிருந்த ஊர்களில் இல்லை. 1860களின் தொடக்கத்திலேயே நாகையிலிருந்து தஞ்சைக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. பாதை கீழ்வேளூர் வழியாகத்தான் போகிறது. ஆனால் ரயில் நிற்கும் ஊரெல்லாம் கம்பெனி இறங்கும் ஊராகிவிடாது.

கிராமங்களுக்கென்று சொந்தக் கூத்து இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, அதற்குப் படி அளந்தவர்களும் இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, வைகாசிப் பெருவிழாவில் இராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்குத் தூணி நெல் வீதம் ஆண்டுக்கு 120 கலம் நெல் ஒதுக்கிய செய்தியைச் சொல்கிறது. பார்ப்பவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. கோயில் பண்டாரம் கொடுத்தது. மெலட்டூர் பாகவத மேளாவும் தஞ்சை வட்டாரத்து இரணிய நாடகமும் இதே வழியில், திருவிழாவையும் ஊர்ப் பொதுப்பணத்தையும் நம்பி நிலைத்தவை. ஆனால் செலவு செய்தவரின் எல்லையே கலையின் எல்லையாகவும் ஆகிவிட்டது. பாகவத மேளா அக்கிரகாரத்துத் தெருவில் ஆடப்பட்டது. நாகைக்கு அருகே நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம், கோயிலுக்குள் விடப்படாத பண்ணையாளின் கதை. அது கதாகாலட்சேபமாகப் பாடப்பட்ட பெரிய வீட்டுக் கூடங்களிலோ நந்தனின் சாதியாருக்கு உட்கார இடமில்லை. கலை பக்கத்திலேயே இருந்தும் எட்டாமல் இருந்தது.

சினிமா உடைத்தது இந்தக் கணக்கைத்தான். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1931இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய பிறகு, அதே வழியில் டூரிங் டாக்கீஸ் பெருகியது. கீற்றுக் கொட்டகை, ஆயில் என்ஜின், ஒரு புரொஜக்டர், நாலைந்து ஆட்கள். ஆக மொத்தச் சுமை அவ்வளவே. புரொஜக்டர் ஒன்றே என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நின்று, முறுக்கும் சோடாவும் விற்கும் இடைவேளை மூன்று நான்கு வரும். முன்னால் மணல் தரை, அதன்பின் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்தும், 1942இல் திருச்செங்காட்டங்குடியில் பிறந்த தண்டபாணி தேசிகர் நடித்தும் வெளிவந்த நந்தனார் கதைப் படங்களைத் தரை டிக்கெட் வாங்க முடிந்தவர் பார்க்க முடிந்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே என்று கார்த்திகேசு சிவத்தம்பி எழுதியது இதை மனத்தில் வைத்துத்தான்.

இந்தக் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று கீழ்வேளூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பேசும்படம் வந்து 37 ஆண்டுகள் கழித்து நடந்தது இது. ஒரே திரையைப் பார்ப்பதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது; கொட்டகைக்கு வெளியே நிலமும் கூலியும் சாதியும் அப்படியே இருந்தன. இதை மறைத்துவிட்டுச் சினிமாவைப் புகழ்வது நேர்மையாகாது. இன்னொரு மறுப்பும் ஏற்கத்தக்கதே. சினிமா பார்க்கும் உரிமையைக் கொடுத்தது. ஆக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. திருவிழா நாடகத்தில் ராஜபார்ட் கட்டியவர் பகலில் நாற்று நட்டவராக இருக்கலாம். படத்திலோ கீழ்வேளூர்க்காரருக்குப் பார்வையாளர் என்ற ஒரே இடம்தான். தம் துயரத்தைத் தாமே சொல்ல மேடை வேண்டியிருந்தது. வீதி நாடகத்தின் பெருமை இங்கேதான். படுதாவும் கொட்டகையும் இல்லாமல், பத்துப் பேரும் ஒரு பறையும் இருந்தால் தெருமுனையில் ஆடிவிடலாம் என்று அது காட்டியது. டூரிங் டாக்கீஸைக் கிராமத்துக்குக் கொண்டுவந்த அதே காரணம், குறைந்த சுமைதான், இதையும் கொண்டுவந்தது.

தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்தபின் டூரிங் டாக்கீஸும் மறைந்தது. அதற்கு ஈடாக அத்தனை பேரும் ஓரிடத்தில் கூடும் வழக்கம் எதுவும் வரவில்லை. ஆகவே சின்ன ஊர்களுக்கு இன்று இருக்கும் குறை சினிமாவால் வந்ததன்று. கூடுவதற்கான பொதுச்செலவை ஏற்க யாரும் இல்லாததால் வந்தது. மேடை நாடகம் நகரத்தோடு நின்றுவிடக் கூடாது என்று உண்மையாகவே நினைப்பவர்கள் சினிமாவைக் குறைசொல்வதை விட்டுவிட வேண்டும். பேரூராட்சி தோறும் ஒரு திறந்தவெளி மேடை, ஆண்டுதோறும் அதற்கென்று ஒதுக்கிய தொகை, எந்தத் தெருவாரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய பொது இடம் ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும். நெல் விளைவிக்கும் ஊர்களின் வரிப்பணத்தில் அவ்வளவு கேட்பது அதிகமில்லை.