நிறுத்தக்குறிகள் (தமிழ்)

நிறுத்தக்குறிகள் அல்லது நிறுத்தற்குறிகள் என்பன, எழுதப்பட்ட தொடரை எங்கே பிரித்து, எங்கே நிறுத்திப் படிக்க வேண்டும் என்பதைக் காட்டும் குறிகள் ஆகும். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி, உணர்ச்சிக்குறி, மேற்கோள்குறி முதலியன தமிழில் வழங்குகின்றன. முதல் நான்கில் முறையே 1, 2, 3, 4 மாத்திரை நேரம் நிறுத்த வேண்டும் என்பது பள்ளிகளில் கற்பிக்கப்படும் விதி. எனினும், மூச்சுக்கு இடம் கொடுப்பதைவிடப் பொருள் மயக்கத்தை நீக்குவதே இவற்றின் முதன்மையான பணியாகும்.

வரலாறு

பழைய ஓலைச்சுவடிகளில் இக்குறிகள் இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கமும் இல்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் கூறியிருந்தும், சுவடி எழுதியோர் அப்புள்ளியையும் பெரும்பாலும் இடாது விட்டனர். தொடரைப் பிரித்துக் காட்டும் பொறுப்பை மொழியின் உறுப்புகளே ஏற்றிருந்தன. வினைமுற்று தொடரின் முடிவையும், 'என்று' என்பது கூற்றின் முடிவையும், ஆகார ஓகாரங்கள் வினாவையும் உணர்த்தின. செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள்கொள்ளும் முறைகளை நன்னூல் எட்டுவகைப் பொருள்கோள்களாக வகுத்தது.

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிடப்பட்டது. பின்னர் அச்சும் உரைநடையும் பரவியபோது ஐரோப்பிய மொழிகளின் குறிகள் தமிழிலும் இடம்பெற்றன. அவற்றைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்தவர்களுள் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) குறிப்பிடத்தக்கவர்.

பயன்பாடு

வினா எழுத்து உள்ள தொடரில் வினாக்குறி இல்லாவிடினும் பொருள் கெடாது. காற்புள்ளியின் நிலை வேறு. தமிழில் எச்சங்கள், தாம் கொண்டு முடியும் சொல்லுக்கு முன்னே நிற்பதால், இடையில் பிற சொல் வரும்போது மயக்கம் தோன்றுகிறது.

"அவன் சிரித்துக்கொண்டே ஓடிய சிறுவனைப் பார்த்தான்" என்பதில் சிரித்தவர் யார் என்பது தெளிவில்லை. "அவன் சிரித்துக்கொண்டே, ஓடிய சிறுவனைப் பார்த்தான்" என்றால் சிரித்தவன் பார்த்தவனே. பேச்சில் குரல் செய்யும் இவ்வேலையை எழுத்தில் ஒரு சிறு கோடு செய்துவிடுகிறது. "நேற்று வந்த மாணவனின் தந்தை" என்பதும் இத்தகையதே. 'வந்த' என்பதன்பின் காற்புள்ளி இட்டால் வந்தவர் தந்தை ஆவார்.

குறியால் மட்டும் எல்லா மயக்கமும் தீர்வதில்லை. "50 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் விண்ணப்பிக்கலாம்" என்னும் அறிவிப்பில், வயது வரம்பு பெண்களுக்கும் உண்டா என்பது ஐயத்திற்குரியது. 40 வயதுப் பெண் ஒருவர் விண்ணப்பிக்க இயலுமா என்பது இதனைப் பொறுத்தது. 'ஆண்களும்' என்பதன்பின் காற்புள்ளி இட்டாலும் ஐயம் முழுமையாக நீங்காது. உம்மை வருமிடமெல்லாம் காற்புள்ளி இடும் பழக்கம் பலரிடம் இருப்பதே காரணம். வரம்பு ஆண்களுக்கு மட்டுமே எனில், "பெண்களும், 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் விண்ணப்பிக்கலாம்" எனச் சொற்களை மாற்றி எழுதுவதே தக்கது.