மார்க்டவுன்
கைப்பிரதியின் ஓரத்தில் ‘இது தலைப்பு, இது சாய்வெழுத்து’ என்று அச்சுக்கோப்பவருக்குக் குறித்துக் கொடுப்பதை ஆங்கிலத்தில் ‘மார்க்கப்’ என்பார்கள். வலைப்பக்கங்களை எழுதப் பயன்படும் ஹெச்டிஎம்எல்லில் உள்ள ‘எம்’ அதுவே. கோண அடைப்புக்குறிகள் மண்டிய அந்த எழுத்துமுறைக்கு மாற்றாக 2004இல் ஜான் குரூபர் எளிய முறையொன்றைக் கொண்டுவந்து, ‘அப்’பைக் கவிழ்த்து ‘டவுன்’ என்று பெயரிட்டார். கடைக்காரர்களுக்கோ மார்க்டவுன் என்றால் விலைக்குறைப்பு. நம் ஆடித் தள்ளுபடி மாதிரி.

இன்று பல ஆவணத் தளங்களில் புதுப் பக்கம் சேர்ப்பது என்பது ஒரு மார்க்டவுன் கோப்பு எழுதுவதுதான். வரித் தொடக்கத்தில் ஒரு # போட்டால் தலைப்பு. இரண்டு போட்டால் உட்தலைப்பு. அடுத்து ஓர் இடைவெளி விட மறந்தால் போச்சு: பல கருவிகளில் தலைப்பு வராது, # மட்டும் பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். இதைத் தேடியே ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.