சுண்டிக்குளமும் பூநாரையும்

குடாநாட்டின் தென்கிழக்கே, ஆனையிறவுக் கடனீரேரி கடலோடு கலக்குமிடத்திலுள்ள சுண்டிக்குளம் 1938 ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மாரிகாலத்தில் ஆங்கு வலசை வரும் புள்ளினங்களுட் கண்ணைக் கவர்வது பூநாரையே. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகினால் உவர்நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்பது அதன் இயல்பு. அதன் செந்நிறமும் அவ்வுணவினால் வாய்ப்பதே.

பூநாரைக்கு வாழ்வளிக்கும் இவ்வுவர்நீர் மக்களுக்கு இடராயிற்று. ஆறில்லாத குடாநாடு கிணற்றை நம்பியே வாழ்வது. ஆதலின், கனகராயன் ஆறு கொணரும் மாரிவெள்ளத்தைக் கடலில் வீழவிடாது அவ்வேரியிலே தேக்கி நன்னீராக்கும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்தார். சுண்டிக்குளத்திற் கட்டிய அணை வெள்ளத்தால் உடைந்தது, திட்டம் நிறைவுறவில்லை. நிறைவுற்றிருப்பின் பூநாரை வேறிடம் நாடியிருக்கும் என்றே கொள்ளல்வேண்டும். எனினும், வெண்காயத் தோட்டத்துக்கு நீரிறைத்துக் களைத்தவனிடம், பறவைக்காக உவரைப் பொறுத்துக்கொள் எனக் கூற எமக்கு நா எழவில்லை.

2009 இல் போர் முடிந்தது. 2015 இல் சரணாலயம் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. ஏரியை நன்னீராக்குக என்னும் கோரிக்கையும் மீண்டும் எழுந்துள்ளது.