அறளையும் விழித்திரையும்

பெற்ற பிள்ளையின் பெயரை மறந்து, உண்ட உணவை உண்ணவில்லையென்று முறையிட்டு, ஆயுள் முழுவதும் வாழ்ந்த வீட்டிலேயே வழி தடுமாறும் முதியவரைக் குறித்து யாழ்ப்பாணத்தார் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பர். வேலணைத் தீவின் சரவணையிலும், கடல் கடந்து செல்லவேண்டிய நெடுந்தீவிலும் நயினாதீவிலும் விளங்கும் சொல் இது. இச்சொல்லில் பரிவு சிறிதுண்டு. பரிகாசம் அதனினும் மிகுதி. ஆனால், நோய் என்ற எண்ணம் மட்டும் அதில் இல்லை. தலை நரைப்பது போல அறிவும் நரைக்கும். அதற்கு வைத்தியம் எதற்கு என்பதே அதன் உட்பொருள்.

இது கிராமத்தாரின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. மேலைநாட்டு வைத்திய உலகமும் நெடுங்காலம் இதே எண்ணத்தில் கட்டுண்டிருந்தது. 1901ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலையில் ஒளகுஸ்தே டேற்றர் என்னும் பெண் சேர்க்கப்பட்டாள். அவளுக்கு அப்போது வயது 51. அவளைப் பரிசோதித்த அலோயிஸ் அல்சைமர், 1906இல் அவள் இறந்தபின் மூளையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்குண்ட இழைகளும் இருக்கக் கண்டார். அதே ஆண்டு நவம்பரில் அவர் இதனை ரூபிங்கன் நகரில் எடுத்துரைத்தபோது, கேட்டிருந்த அறிஞர்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1910இல் கிறேப்பலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

இதன் பின்னரும், நடு வயதில் வந்தால் நோய், முதுமையில் வந்தால் இயற்கை என்ற பாகுபாடு அகலவில்லை. 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெஸ்ஸெட், ரொம்லின்சன், றொத் ஆகியோர் இறந்த முதியோரின் மூளைகளை ஆராய்ந்து, அங்கும் அதே படிவுகள் இருப்பதையும், அறிவுத் தளர்ச்சியோடு அவை தொடர்புறுவதையும் காட்டினர். ஆக, ஆய்வுகூடமும் நுணுக்குக்காட்டியும் உடைய ஐரோப்பாவே தன் அறளையைக் கைவிட ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. உழைக்கும் ஆற்றல் குன்றியோரைக் கணக்கில் கொள்ளாத ஒரு சமுதாயத்தில், முதுமையின் துன்பம் ஆராய்ச்சிக்குரிய பொருளாவதற்கு இத்தனை காலம் சென்றதில் வியப்பில்லை.

மூளையை ஆராய வேண்டுமாயின் மனிதன் இறக்க வேண்டும் என்பது அன்றைய நிலை. உயிரோடிருக்கும்போதே மூளையின் ஒரு பகுதியைக் காண ஒரு வழி உண்டென்பதை இன்னொரு வரலாறு கூறுகின்றது. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணினுள் ஒளியைச் செலுத்தி விழித்திரையை நேரே பார்க்கும் கருவியொன்றை வெளியிட்டார். கருவில் குழந்தை உருவாகும்போது மூளையிலிருந்து முளைத்து வெளிநீள்வதே பின்னர் விழித்திரையாகின்றது. பார்வை நரம்பும் மூளையின் இழையமே. உடலைக் கீறாமல், நரம்பிழைகளையும் நுண்ணிய குருதிக் குழாய்களையும் கண்ணால் காணத்தக்க இடம் இதுவன்றி வேறில்லை.

கண்ணைப் பார்த்து உடலை அறியும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் எனச் சித்த வைத்தியர் கொண்ட எண்வகைத் தேர்வில் விழியும் ஒன்று. ஆனால் அவர்கள் கண்டது விழியின் நிறத்தையும் தோற்றத்தையுமே. அதன் உட்புறத்தைக் காணக் கருவி இருக்கவில்லை. பழைய நூலில் எல்லாம் உண்டு என்று பெருமை பேசுவதும், அதில் எதுவுமே இல்லை என்று எள்ளுவதும் வரலாற்றுக்குப் பொருந்தா.

1986இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர், அல்சைமர் நோயால் இறந்த 10 பேரின் பார்வை நரம்புகளை ஆராய்ந்தபோது, 8 பேரின் நரம்பிழைகள் பெருமளவில் சிதைந்திருக்கக் கண்டனர். 1991இல் ஓ.சி.டி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கருவி வெளிவந்தது. இது ஒளிக்கதிரைக் கொண்டே விழித்திரையின் குறுக்குவெட்டுப் படத்தை எடுத்து, அதன் அடுக்குகளின் தடிப்பை அளந்துவிடும். பிரித்தானியாவில் 32,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வொன்று, விழித்திரையின் நரம்பிழை அடுக்கு மெலிந்திருந்தோர் நினைவுச் சோதனைகளில் பின்தங்கியதையும், பின்வந்த ஆண்டுகளில் மேலும் தளர்ந்ததையும் காட்டியது. இங்கிலாந்தின் நோபோக் பகுதியில் 8,623 பேரிடம், திரையில் அசையும் புள்ளிகளிடையே முக்கோணம் உருவாவதைக் கண்டதும் பொத்தானை அழுத்துமாறு கேட்கப்பட்டது. பின்னாளில் அவர்களுள் 537 பேருக்கு மறதிநோய் வந்தது. நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவர்கள் முக்கோணத்தைக் காணத் தாமதித்திருந்தனர் என 2024இல் அறிவிக்கப்பட்டது.

நமது சமையலறை மஞ்சளுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் பொருள் அல்சைமர் படிவுகளிற் பற்றி ஒளிரும். இப்பண்பைக் கொண்டு, நோயாளரின் விழித்திரையிலேயே அத்தகைய படிவுகள் இருப்பதை லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர் 2011இல் வெளியிட்டனர். மஞ்சள் இங்கே படிவுகளைக் காட்டித்தரும் சாயமேயன்றி, நோயைத் தீர்க்கும் மருந்தன்று.

விஞ்ஞானத்தை மதிப்போர் அதன் எல்லையையும் கூறவேண்டும். விழித்திரை மெலிவது மறதிநோயினால் மட்டுமன்று. கண்ணழுத்த நோயாலும், நீரிழிவாலும், வயதினாலும் அது நிகழும். ஆயிரக்கணக்கானோரை ஒருங்கே நோக்கும்போது தெரியும் வேறுபாடு, தனியொருவரின் கண்ணைப் பார்த்துத் தீர்ப்புக் கூறப் போதாது. எனவே இம்முறை இன்றும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. கண்ணைப் படமெடுத்தே மறதிநோயை உறுதிசெய்வோம் என்று எவரேனும் பணம் கேட்டால், மக்கள் ஐயுறவேண்டும்.

அவ்வாறாயின் சரவணையில் வாழும் முதியவளுக்கு இவ்வரலாற்றால் யாது பயன்? 1990இல் போரினால் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலரின் பிள்ளைகள் கடல்கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். ஊரில் எஞ்சியோரில் முதியோர் பலர். சரவணையிலிருந்து யாழ்ப்பாணப் பெரியாசுபத்திரிக்குச் செல்வோர் பண்ணைப் பாலத்தைக் கடந்தாற் போதும். நெடுந்தீவாரோ படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பின் தரைவழியாகவும் நெடுந்தூரம் போகவேண்டும். துணைக்கு ஆளில்லாத முதியோர் கண்புரை முற்றும்வரை வீட்டிலேயே இருந்துவிடுவதற்கு வறுமையோடு இத்தூரமும் காரணமாகும்.

கண்ணுக்கும் மறதிக்கும் உள்ள உறவின் மற்றொரு முகம் இங்குதான் புலப்படுகின்றது. கண் நோயைக் காட்டும் சாளரம் மட்டுமன்று; உலகம் மூளைக்குள் செல்லும் வாயிலும் அதுவே. வாயில் மூடுண்டால் வாசிப்பு நிற்கும், முகங்கள் மங்கும், கோயிலுக்கும் சந்தைக்கும் போவது நிற்கும், தனிமை சூழும். அமெரிக்காவின் சியாற்றில் பகுதியில் கண்புரையோ கண்ணழுத்த நோயோ உடைய முதியோர் சுமார் 3,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, கண்புரை அகற்றிக்கொண்டோருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 வீதம் குறைந்திருந்ததைக் காட்டியது. அறுவை செய்துகொள்ள முடிந்தோர் முன்னரே உடல்நலமும் வசதியும் மிக்கோராக இருந்திருக்கலாம் என்பதையும் நாம் மறத்தலாகாது. எனினும் 2024இல் ‘லான்செற்’ வைத்திய ஏட்டின் ஆணைக்குழு, தடுக்கத்தக்க 14 காரணங்களுள் கவனிக்கப்படாத பார்வைக் குறைபாட்டையும் சேர்த்தது. இளமையிற் கல்வியின்மை, செவிக்குறை, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தனிமை என்பனவும் அதே பட்டியலில் உள. இக்காரணங்களை நீக்கினால் மறதிநோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ தாமதிக்கவோ கூடும் என்பது அவர்தம் மதிப்பீடு. இப்பட்டியலை வாசிப்போர், இது மருந்துகளின் பட்டியலன்று, சமுதாயக் குறைகளின் பட்டியல் என்பதை உணர்வர்.

அறிவை மக்களிடம் கொண்டுசெல்லும் வழிக்கு முன்னோடி நம் மண்ணிலேயே உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை வைத்தியத்தைக் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் நாடி வெளியேறுவதைக் கண்டு, 1864 முதல் தமிழிற் கற்பிக்கத் தொடங்கினார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர் பயிற்றிய 60க்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிற் கற்றோர். அவர் நோக்கில் மதப்பரப்பும் கலந்திருந்தது. ஆயினும் வைத்தியன் ஊரில் தங்கவேண்டுமாயின் வைத்தியம் ஊரின் மொழியில் இருத்தல் வேண்டும் என்ற உண்மையை அவர் செயலில் நிறுவினார்.

இன்று நமக்கு வேண்டுவதும் அதுவே. விலைமிகுந்த கருவி ஒரு நாள் வரும், வரவேண்டும். அதற்குமுன், தீவுகள் தோறும் கண் வைத்தியர் குழு தவறாது செல்லவும், கண்புரை காலத்தோடு அகற்றப்படவும், நீரிழிவு உடையோரின் விழித்திரை ஆண்டுதோறும் பார்க்கப்படவும் வகைசெய்யுமாறு அரசைக் கேட்பது நம் உரிமை. படிகளில் தடுமாறுவதையும், பழகிய முகத்தை அறியாதிருப்பதையும் முதலில் காண்போர் வீட்டாரும் அயலாருமே. அவை மங்கிய கண்ணினாலா, தளரும் மூளையினாலா என்று கேட்குமாறு அவர்களுக்கு எளிய தமிழிற் சொல்லித்தருவது ஆசிரியரதும் மாணவரதும் பணி.

ஐரோப்பா அறுபது ஆண்டுகள் தாமதித்தது, அங்கு அறிந்தோர் இல்லாமையினால். இங்கு இனித் தாமதம் நேருமாயின், அறிந்தும் கொண்டுசெல்லாமையே அதற்குக் காரணமாகும். ‘அறளை’ என்று சொல்லிக் கதவைச் சாத்தும் வழக்கத்தை முதலில் விடுவோம். அது நோய்; நோயாளிக்கு வைத்தியமும் மதிப்பும் உரியன.