கரடி மந்திரவாதியை எழுதினது யாரு?

எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் ஒரு கரடிதான். கரடி வேஷத்தில் ஒரு மந்திரவாதி. அப்புறம் பெரிய காடு, வாளை உருவிக்கொண்டு நிற்கும் ஒருத்தன். பாட்டி வீட்டுப் பரணில் கிடந்த பைண்டு புத்தகத்தில் படித்தது. முதல் பக்கங்களும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை.

பெரியம்மாவிடம் கேட்டேன். "அதுவா, அம்புலிமாமாவுல வந்ததுடி" என்றார். எழுதினது யார்? "அம்புலிமாமாதான்!" பழைய புத்தகக் கடைக்காரரும் அதையேதான் சொன்னார்.

கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு தெலுங்குத் தோழி. கதையைச் சொன்னபோது அவளுக்குப் புரியவில்லை. நான் ஞாபகத்திலிருந்த படங்களை விவரித்ததும் பிடித்துக்கொண்டாள். அவளும் அதே படங்களைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறாள். கதையின் பெயர் 'பல்லூக மாந்த்ரிகுடு'. பல்லூகம் என்றால் கரடி.

அது தற்செயல் இல்லை. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய பத்திரிகை, தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. பிறகு மற்ற இந்திய மொழிகளுக்கும் போனது. இந்தத் தொடர்கள் தெலுங்கில் எழுதப்பட்டு மற்ற மொழிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. மொழி மாறும், படம் மாறாது.

எழுதியவர் தாசரி சுப்ரமணியம். 1952-இல் ஆசிரியர் குழுவில் சேர்ந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தவர். 1954-இல் 'தோகசுக்க' என்ற வால்நட்சத்திரக் கதையில் ஆரம்பித்து மொத்தம் 12 மாயாஜாலத் தொடர்கள். எதிலும் அவர் பெயர் போடவில்லை. அங்கே அதுதான் வழக்கம். படத்தின் மூலையில் மட்டும் 'சித்ரா' என்று ஓவியரின் கையெழுத்து இருக்கும். ஆக, பெரியம்மா எதையும் மறக்கவில்லை. மறப்பதற்கு ஒரு பெயரை யாரும் அவருக்குக் கொடுக்கவே இல்லை.

தாசரி 2010-இல் காலமானார். எத்தனையோ மொழிகளில் குழந்தைகள் அடுத்த மாத இதழுக்குக் காத்துக் கிடந்தது அவர் எழுத்துக்காக. அந்தக் குழந்தைகளுக்கு அவரைத் தெரியாது.

பெரியம்மாவிடம் போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நாங்க மூணு பேரும் அந்தப் புஸ்தகத்துக்கு அடிச்சுக்குவோம். அவருக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம்" என்றார். பிறகு அவரே சொன்னார்: "யார் பேருக்குப் போடுறது?"