மெஷினை நிறுத்தினால் மட்டும் போதுமா? ஸ்ரீபெரும்புதூர் விபத்து சொல்லும் பாடம்

தொழிற்சாலையில் ஒருவர் மெஷினில் சிக்கினால், பக்கத்தில் இருப்பவர் முதலில் தேடுவது சிவப்பு நிற எமர்ஜென்சி பட்டனைத்தான். அது மெஷினை நிறுத்தும். ஆனால், சிக்கியவரை வெளியே எடுக்காது. அதற்கு என்ன வழி?

2010-ல் என்ன நடந்தது?

2010 அக்டோபர் 31. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஆலை. லோடர் மெஷினில் ஏற்பட்ட சிக்கலைச் சரிசெய்ய முயன்ற இளம்பெண் தொழிலாளியின் கழுத்து உள்ளே மாட்டிக்கொண்டது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் காப்பாற்ற முடியவில்லை. மெஷினை உடைத்து அவரை மீட்க மேலதிகாரிகள் தயங்கினர் என்பது சக தொழிலாளர்களின் குற்றச்சாட்டு.

நிமிடங்கள் ஏன் முக்கியம்?

கழுத்தோ மார்போ நசுங்கினால் மூச்சு தடைபட்டு, சில நிமிடங்களில் உயிர் போகலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது.

பூம் லிஃப்ட்டிலும் இதே ஆபத்து

கப்பல் கட்டும் தளங்களிலும் பெரிய ஆலைகளிலும் உயரத்தில் வேலை செய்ய பூம் லிஃப்ட் பயன்படுகிறது. கூடையில் நிற்பவர், தலைக்கு மேலே உள்ள இரும்பு பீமுக்கும் கன்ட்ரோல் பேனலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளலாம். அப்போது அவரது உடம்பே லீவரை அழுத்தினால், லிஃப்ட் நிற்காமல் மேலும் நெருக்கும். கூடையைக் கீழே இறக்க, தரைமட்டத்திலும் ஒரு கன்ட்ரோல் உண்டு. ஆனால் அதை இயக்கத் தெரிந்தவர் கீழே இருக்கணுமே!

ஷிஃப்ட் தொடங்கும் முன் கேளுங்க

* எமர்ஜென்சி பட்டன் எங்கே? வேலை செய்கிறதா?
* ஒருவர் சிக்கினால் மெஷினைப் பின்னோக்கி நகர்த்துவது எப்படி?
* அது தெரிந்தவர் இந்த ஷிஃப்ட்டில் யார்?
* தேவைப்பட்டால் மெஷினை உடைக்க யாரிடமாவது அனுமதி கேட்கணுமா?
* ரிப்பேர் பார்க்கும்போது மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடுகிறார்களா?

சட்டம் என்ன சொல்லுது?

விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, மெஷினின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு கட்டாயம். மெஷின் ஓடும்போது அந்தத் தடுப்பு அதன் இடத்திலேயே இருக்க வேண்டும்.

இஎஸ்ஐ-யில் உள்ளவர் வேலையில் காயமடைந்து தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாவிட்டால், சம்பளத்தில் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் இது பொருந்தும். உயிரிழந்தால், சார்ந்திருக்கும் குடும்பத்தினருக்கு மாத உதவித்தொகை உண்டு.

ஆனால் இதெல்லாம் விபத்துக்குப் பிறகு வருவது. சிக்கியவருக்கு அந்த நிமிடத்தில் தேவை, விடுவிக்கத் தெரிந்த ஒரு ஆள். விடுவிக்கத் தயங்காத ஒரு நிர்வாகம்.