கடலும் ஓர் இடைச்செருகலும்

இடைச்செருகல் என்ற சொல்லை நாம் வசையாகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். ஏடு பெயர்த்து எழுதியவனோ, பின்னால் வந்த புலவனோ தன் சரக்கை மூல ஆசிரியன் தலையில் கட்டிவிட்டுப் போவது. அதைப் பொறுக்கி வெளியே எறிவது பதிப்பாசிரியனின் வேலை. நான் சொல்ல வருவது வேறு வகை இடைச்செருகலைப் பற்றி. ஆசிரியனே தன் கட்டுரையை ஏறக்குறைய முடித்துவிட்ட பிறகு ஒரு பத்தியை உள்ளே செருகுகிறான். இன்று அந்தக் கட்டுரையில் உயிரோடு இருப்பது பெரும்பாலும் அந்தப் பத்திதான். மற்றப் பக்கங்கள் நிதானமாகக் கட்டிக்கொண்டு வந்த முடிவை அது கவிழ்த்துவிடுகிறது. கவிழ்த்துவிட்டது என்பது எழுதியவனுக்கே அப்போது முழுக்கப் பிரக்ஞையில் இல்லை.

கட்டுரை 1957 பிப்ரவரியில் 'டெல்லஸ்' என்ற ஸ்வீடன் நாட்டுப் பூபௌதிகப் பத்திரிகையில் வந்தது. மொத்தம் பத்துப் பக்கம். எழுதியவர்கள் ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ். காற்றுக்கும் கடலுக்கும் இடையே கரியமில வாயுவின் போக்குவரத்து எப்படி நடக்கிறது என்பது விஷயம். கவிதைக்கும் விமர்சனத்துக்கும் நடக்கும் பத்திரிகையில் இது எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு பிரதி தன்னையே மறுத்துக்கொள்வதைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. பெரும்பாலும் நாவல்களை வைத்துக்கொண்டு பேசினோம். அங்கே அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நிலக்கரியை எரிப்பதால் காற்றில் சேரும் கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் என்று முதலில் கணக்குப் போட்டவர் ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ், 1896இல். வாயு இரண்டு மடங்கானால் 5, 6 டிகிரி ஏறும் என்றார். ஆனால் அவருக்குக் கவலை எதுவும் இல்லை. எரித்துத் தள்ளும் வாயுவில் ஆறில் ஐந்து பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்ளும் என்று 1908இல் எழுதினார். மீதி சூடும் குளிர்நாட்டுக்காரர்களுக்கு நல்லதுதான் என்பது அவர் எண்ணம்.

கடலைப் பற்றிய இந்த நம்பிக்கை அடுத்த அரை நூற்றாண்டு அசையாமல் இருந்தது. நான் வங்கியில் வேலை பார்ப்பவன். எங்களிடம் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை அன்றைய மாலைக்கு அதில் போட்டுவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்று வீட்டுக்குப் போகலாம். போட்ட தொகை எங்கேயும் போய்விடுவதில்லை என்பது ஆடிட்டர் வரும்போது தெரியும். விஞ்ஞானிகளுக்குக் கடல் அப்படி ஒரு கணக்காக இருந்தது. காற்றில் மிஞ்ச வேண்டியதையெல்லாம் அதில் எழுதிவிட்டு மேலே போனார்கள். கடலில் காற்றைப்போல் ஐம்பது மடங்கு கரி இருக்கிறது என்பதே போதுமான சமாதானமாக இருந்தது.

இதை ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர் இருந்தார். கை காலெண்டர் என்ற ஆங்கிலேயர், நீராவி எஞ்சினியர். வானிலை அவருக்குத் தொழில் அல்ல. ஓய்வு நேரத்தில் 147 நிலையங்களின் பழைய வெப்பக் குறிப்புகளைத் தொகுத்து, பூமி சூடாகி வருகிறது, காரணம் கரியமில வாயு என்று 1938இல் ராயல் மெடியராலஜிகல் சொசைட்டியில் படித்தார். கடலின் மேல்தோல் மட்டுமே காற்றைத் தொடுகிறது, ஆழத்து நீர் முறைவைத்து மேலே வந்து போக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும், ஆகவே கடல் உடனே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளாது என்றார். கேட்டுக்கொண்டிருந்த தொழில்முறைக்காரர்கள் மரியாதையாகச் சந்தேகப்பட்டார்கள். பட்டம் பெற்றவர்கள் வெளியாளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தோரணை நமக்கும் பழக்கமானதுதான். ஆனால் காலெண்டரைத் தியாகியாக்கவும் நான் தயாரில்லை. சூடேறுவது விவசாயத்துக்கு லாபம், பனியுகம் திரும்பி வராமல் தடுக்கும் என்று அவரும் சந்தோஷமாகவே முடித்தார்.

இனி ரெவெலுக்கும் சூஸுக்கும் வருகிறேன். இருவரும் 1909இல் பிறந்தவர்கள். ரெவெல் யுத்தத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு வேலை செய்தார். சூஸ் வியன்னாக்காரர், அதே யுத்தத்தில் ஜெர்மானியரின் கனநீர் முயற்சியில் இருந்தார். (சூஸின் தாத்தா எட்வர்ட் சூஸ் பெரிய புவியியல்காரர். 'உயிர்க்கோளம்' என்ற கருத்துக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். நம் கோண்டு மக்களின் பெயரால் கோண்ட்வானாக் கண்டத்துக்குப் பெயரிட்டவரும் அவரே.) ஐம்பதுகளின் நடுவில் இருவரும் கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். ரெவெல் அதன் இயக்குநர்.

அந்தக் காலத்தில் கடல் எவ்வளவு வேகமாகக் கலக்கிறது என்பதை அறிய ராணுவத்துக்கு அவசரம் இருந்தது. அணுகுண்டுச் சோதனைகளின் சாம்பலும் அணு உலைகளின் கழிவும் கடலில் போட்டால் என்ன ஆகும்? பணம் இந்தக் கேள்விக்காக வந்தது. 1946இல் பிக்கினியில் குண்டு வெடித்தபோது அளவெடுக்கப் போனவர்களில் ரெவெலும் ஒருவர். பூமி சூடேறுவதைப் பற்றிய அறிவு, குப்பையை எங்கே கொட்டுவது என்ற விசாரணையின் உபவிளைவாக வந்தது என்பதை நாம் மறக்க வேண்டாம். இரண்டிலும் கடல் ஒரே வேலைக்குத்தான் கூப்பிடப்பட்டது.

சூஸின் கையில் ஒரு நல்ல கருவி இருந்தது. நிலக்கரியும் பெட்ரோலியமும் மிகப் பழையவை. அவற்றில் கதிரியக்கக் கரி, கார்பன் 14, மிஞ்சியிருக்காது. ஆகவே அவற்றை எரித்த புகை காற்றில் கலந்தால் காற்றிலுள்ள கதிரியக்கக் கரி நீர்த்துப்போகும். மரத்தின் ஆண்டு வளையங்களில் இது பதிவாகும். சூஸ் அளந்து பார்த்ததில் நீர்த்துப்போனது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அப்படியானால் பழைய கரி கடலுக்குள் போகிறது. ஒரு கரியமில வாயு மூலக்கூறு காற்றில் சுமார் 10 ஆண்டு இருந்துவிட்டுக் கடலில் இறங்கிவிடுகிறது என்று இருவரும் கணித்தார்கள். கடல் வேகமாக வாங்கிக்கொள்கிறது. அர்ரீனியஸ் சொன்னது சரி. இன்றைய அளவிலேயே எரித்துக்கொண்டு போனால் பல நூற்றாண்டில் காற்றிலுள்ள வாயு 40 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்றும் எழுதினார்கள்.

கட்டுரை கிட்டத்தட்ட முடிந்த நிலையில்தான் ரெவெல் தன் பழைய படிப்புக்குத் திரும்பினார். கடல்நீரின் ரசாயனம் அவர் முன்பே ஆராய்ந்த விஷயம். கடல்நீர் வெறும் தண்ணீர் அல்ல. அதில் கரைந்திருக்கும் கரியில் மிகப் பெரும்பகுதி பைகார்பனேட்டாக இருக்கிறது, கொஞ்சம் கார்பனேட்டாக. காற்றிலிருந்து புதிதாக இறங்கும் வாயு கடலில் தங்க வேண்டுமானால் அந்தக் கார்பனேட்டோடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாற வேண்டும். கார்பனேட்டோ சொற்பம். அது குறையக் குறைய, வந்த வாயு வந்த வழியே திரும்பிவிடும். காற்றில் வாயு 10 சதவிகிதம் கூடினால் மேல்மட்ட நீரின் மொத்தக் கரி 1 சதவிகிதம்தான் கூடும்.

இதைத்தான் அவர் செருகினார். இதன் அர்த்தம், இறங்குவது வேறு, தங்குவது வேறு என்பது. ஒரு கவுண்டரில் நாள் முழுக்கப் பணம் வந்துகொண்டே இருக்கலாம். கட்டுகிறவர்கள் அளவுக்கு எடுக்கிறவர்களும் இருந்தால் மாலையில் இருப்பு ஏறியிருக்காது. மூலக்கூறுகள் பத்து ஆண்டுக்குள் கடலில் இறங்குவது உண்மை. வேறு மூலக்கூறுகள் அதே வேகத்தில் வெளியே வருவதும் உண்மை. சூஸின் மரவளையங்கள் முதல் உண்மையைத்தான் காட்டின.

செருகியவர், அதற்கு ஏற்ப மற்றப் பக்கங்களைத் திருத்தி எழுதவில்லை. இந்த வரலாற்றை ஆராய்ந்த ஸ்பென்ஸர் வியர்ட், அந்தப் பத்தி கடைசியில் சேர்த்தது என்பதையும், அது படிப்பவர்களுக்குச் சரியாகப் புரியவில்லை என்பதையும் எடுத்துக்காட்டியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கட்டுரைச் சுருக்கத்தில் முதலில் கடல் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டுவிட்டது என்கிறார்கள். அடுத்த மூச்சில், எரிப்பது பெருகிக்கொண்டே போனால் வரும் பத்தாண்டுகளில் நிலைமை மாறலாம் என்கிறார்கள். இரண்டு குரல். இதே கட்டுரையில்தான் மனிதகுலம் பூமியின் மேல் ஒரு மாபெரும் பரிசோதனையை நடத்திக்கொண்டிருக்கிறது என்ற பொருளில் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் வருகிறது. இன்று அதை எச்சரிக்கையாக மேற்கோள் காட்டுகிறார்கள். கட்டுரையில் வைத்துப் படித்தால் எச்சரிக்கையின் தொனி அதில் கிடையாது. இப்படி ஒரு பரிசோதனை மறுபடி அமையாது, ஒழுங்காக அளந்து வைத்தால் நிறையத் தெரிந்துகொள்ளலாம் என்ற ஆய்வாளனின் ஆசை இருக்கிறது. சொற்கள் மாறவில்லை, படிக்கிறவனின் காலம் மாறியதில் அர்த்தம் மாறிவிட்டது.

ஸ்வீடனில் பெர்ட் போலின், எரிக் எரிக்ஸன் இருவரும் 1959இல் இதே விஷயத்தைத் தெளிவாக, சமன்பாடுகளோடு எழுதிய பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது. ரெவெல் சொன்னதற்கும் அவர்கள் சொன்னதற்கும் சாரத்தில் வித்தியாசம் குறைவு. எழுத்தில்தான் வித்தியாசம். மங்கலாக எழுதுவது ஆழத்தின் அடையாளம் என்று நம்மில் சிலர் இன்னும் நம்பிக்கொண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரெவெல் வேலைக்கு அமர்த்திய சார்லஸ் கீலிங் 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கினார். முதல் அளவு பத்து லட்சத்தில் 313 பங்கு. 2024இன் சராசரி 424க்கு மேல். தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280. அதாவது பல நூற்றாண்டில் 40 சதவிகிதம் என்று நினைத்தது எழுபது ஆண்டுக்குள் 50ஐத் தாண்டிவிட்டது. 1965இல் ஜனாதிபதி ஜான்சனுக்குப் போன அறிக்கையில் இந்த விஷயத்தை எழுதிய குழுவுக்கு ரெவெல்தான் தலைவர். எரிப்பதைக் குறைக்கலாம் என்ற யோசனை அதில் இல்லை. ஒளியைத் திருப்பியனுப்பும் துகள்களைக் கடல்மேல் தூவலாம் என்ற யோசனை இருக்கிறது. மறுபடியும் கடல்! (அதே ஆண்டுகளில் அவர் நம் கோத்தாரி கல்விக் கமிஷனிலும் உறுப்பினர். நாம் படித்த பத்து, இரண்டு, மூன்று என்ற வகுப்புக் கணக்கில் அவர் கையும் உண்டு.)

கடல் எதையும் வாங்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மனிதன் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கை அது ஆண்டுதோறும் வாங்கிக்கொள்கிறது. பூமியில் தேங்கும் அதிக வெப்பத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் கடலில்தான் போகிறது. அது இல்லாவிட்டால் நாம் இப்போது எப்படி இருப்போம் என்று யோசிக்கவே முடியாது. ஆனால் சூடான நீரில் வாயு குறைவாகவே கரையும். சூடான மேல்நீர் லேசாகி மிதப்பதால் கீழ்நீரோடு கலப்பதும் குறையும். வாங்கியதே மேலும் வாங்கும் சக்தியைக் குறைக்கிறது.

என்ன விலைக்கு வாங்குகிறது என்ற கேள்வி மட்டும் நெடுங்காலம் பெரிதாக எழவில்லை. விடை அந்த இடைச்செருகலிலேயே இருந்தது. கடல் வாயுவை ஏற்கும்போது கார்பனேட்டைச் செலவழிக்கிறது. பவளம், சிப்பி, கடல் பட்டாம்பூச்சி என்று சொல்லப்படும் மிதவை நத்தைகள் எல்லாம் கூடும் ஓடும் கட்ட எடுத்துக்கொள்வதும் அதே கார்பனேட்டைத்தான். காற்றைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு அது சமன்பாட்டில் ஒரு உறுப்பு. நாற்பது ஆண்டு அப்படியே இருந்தது. 2003இல் கால்டெய்ராவும் விக்கெட்டும் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதிய பிறகே 'கடல் அமிலமாதல்' என்ற பெயர் பரவியது. கடலின் மேல்நீரில் பி.ஹெச். 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது. இந்த அளவுகோலின்படி அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது என்று அர்த்தம். கடல் இன்னும் அமிலமாகிவிடவில்லை, காரமாகத்தான் இருக்கிறது. சிப்பிக் குஞ்சுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் மாநிலத்தில், சிப்பிக் குஞ்சு பொரித்து வளர்ப்பாளர்களுக்கு விற்கும் ஒரு பண்ணையில் 2007, 2008இல் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. முதலில் கிருமி என்று நினைத்தார்கள். பிறகுதான் கடலிலிருந்து குழாயில் வரும் தண்ணீரிலேயே கோளாறு என்று தெரிந்தது. சிப்பிக் குஞ்சு முட்டையில் கொண்டுவந்த சக்தியை வைத்துக்கொண்டு முதல் இரண்டு நாளில் தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். தண்ணீரில் கார்பனேட் போதாமல் போனதால் முடியவில்லை. அந்தக் கரையில் காற்று அடிக்கும் பருவத்தில் ஆழத்து நீர் மேலே வருவது வழக்கம். ஆழத்து நீரில் இயல்பாகவே கரியமில வாயு அதிகம். மனிதன் சேர்த்தது அதன்மேல் ஏறி அளவைத் தாண்டவைத்துவிட்டது. இப்போது அங்கே உள்ளே வரும் தண்ணீரில் சோடியம் கார்பனேட் கலக்கிறார்கள். நாம் துணி வெளுக்கப் போடும் சலவைச் சோடாதான்.

2007இல் ரிச்சர்ட் ஃபீலி குழுவினர் கனடாவிலிருந்து மெக்ஸிகோ வரை அந்தக் கரையை ஒட்டிக் கப்பலில் போய்த் தண்ணீரை அளந்தார்கள். கலிஃபோர்னியாவின் வடக்கே மேலே வந்திருந்த நீர் கடைசியாகக் காற்றைத் தொட்டது ஏறக்குறைய 50 ஆண்டுக்கு முன் என்று கணித்தார்கள். அதாவது 'டெல்லஸ்' கட்டுரை அச்சான காலத்தில், காற்றில் 315 பங்குபோல இருந்தபோது, கீழே இறங்கிய தண்ணீர். அதற்குப் பின் ஒவ்வொரு ஆண்டும், முந்தைய ஆண்டைவிட அதிக வாயுவோடு இறங்கியவை, அப்போது இன்னும் மேலே வந்திருக்கவில்லை.